மறந்துபோன பாஸ்புக்: சேலம், நாமக்கல் பக்கம் பழைய கணக்குப் பணத்தைத் தேடி எடுப்பது

சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர் இரண்டு ஆண்டுகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காவிட்டால், வங்கி அதைச் செயல்படாத கணக்கு என்று தனியே ஒதுக்கிவிடுகிறது. வங்கி தானாகப் போடும் வட்டியும், தானாகப் பிடிக்கும் கட்டணமும் வரவு செலவாகக் கருதப்படாது. கணக்குக்காரர் தரப்பிலிருந்து ஏதாவது நடந்திருக்க வேண்டும். அப்படியே பத்து ஆண்டுகள் ஓடிவிட்டால், அடுத்த மூன்று மாதங்களுக்குள் அந்தத் தொகை வங்கியை விட்டு ரிசர்வ் வங்கியிடம் உள்ள ‘வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதி’க்குப் போய்விடும். கால வைப்பாக இருந்தால் முதிர்வு தேதியிலிருந்து பத்தாண்டுக் கணக்கு. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 26ஏ என்ற பிரிவின்படி, 2014 மே மாதம் இந்தத் திட்டத்தை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது.

‘ரிசர்வ் வங்கிக்குப் போயிருச்சாம், இனி எங்கே கிடைக்கப்போகுது’ என்று கைவிட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அப்படிக் கைவிடத் தேவையில்லை. நிதிக்குப் போன பணத்தை எத்தனை ஆண்டு கழித்தும் கேட்கலாம். கேட்கவேண்டிய இடமும் ரிசர்வ் வங்கி அல்ல, பழைய வங்கியேதான். வங்கி உரியவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த நிதியிலிருந்து தன் தொகையை மீட்டுக்கொள்ளும். வாடிக்கையாளர் மும்பைக்கும் எழுத வேண்டாம், சென்னைக்கும் அலைய வேண்டாம்.

இந்த நிதியில் 2024 மார்ச் இறுதியில் இருந்த தொகை 78,213 கோடி ரூபாய். அதைக் கேட்டதும் புதையல் ஆசை வருவது இயல்பு. இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் நிதிக்கு அனுப்பியது 35,012 கோடி. அது 10.24 கோடிக் கணக்குகளின் பணம். வகுத்துப் பார்த்தால் ஒரு கணக்குக்குச் சராசரி மூவாயிரத்து நானூறு ரூபாய்தான். பெரும்பாலான வீடுகளில் மறந்துபோனது இந்த அளவுத் தொகையாகத்தான் இருக்கும். ஆனால் கால வைப்பு ரசீது கைக்கு வந்தால் கதை வேறு. சேமிப்புக் கணக்கில் மிஞ்சுவது செலவுக்கு எடுத்தது போக நின்ற தொகை. டெபாசிட்டோ சேர்த்துவைக்க என்றே போட்டது. பீரோவில் இரண்டும் கிடைத்தால் ரசீதை முதலில் கையில் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் கணக்குகள் மறந்துபோவதற்கு இந்த மண்ணுக்கே உரிய காரணங்கள் உண்டு. கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பியவர்களுக்குப் பணம் வங்கி வழியாக வந்தது. அதற்கென்றே திறந்த கணக்கு, கரும்பை விட்டு மரவள்ளிக்கோ கோழிப்பண்ணைக்கோ மாறியதும் அப்படியே நின்றுபோனது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஏறிப் போர்வெல் போடப் போனவர்கள் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று போன இடத்தில் கணக்குத் திறந்திருப்பார்கள். வண்டி அடுத்த மாநிலத்துக்கு நகர்ந்ததும் கணக்கு அங்கேயே தங்கிவிடும். நாமக்கல் லாரி ஓட்டுநர்களுக்கும் இதே கதைதான். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் வேலை மாறும்போது முதலாளி திறந்துகொடுத்த கணக்கும் மாறும். சேலம் செவ்வாய்ப்பேட்டை போன்ற கடைவீதிகளில் பிக்மி ஏஜென்ட் தினமும் வந்து வாங்கிப்போன பத்து இருபது ரூபாய், கடை மூடியதும் யார் நினைவிலும் இல்லாமல் போனது. கல்வி உதவித்தொகைக்காகப் பள்ளிப் பருவத்தில் திறந்தவை, எரிவாயு மானியத்துக்கென்று அவசரமாகத் திறந்தவை, கல்யாணமாகிப் போன பெண்களின் பிறந்த வீட்டுக் கணக்குகள் என்று இன்னும் நிறைய உண்டு.

இவற்றில் பணம் தொலைந்ததில்லை. தொலைந்தது அடையாளம். வங்கியின் பெயர், கிளையின் பெயர், கணக்குக்காரரின் பெயர், ஊர் எந்த மாவட்டம் என்பது, கணக்கு எண், கையெழுத்து என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தேடுகிறவர் இன்றைய பெயரோடு போகிறார், லெட்ஜரில் பழைய பெயர் உட்கார்ந்திருக்கிறது. தேடலில் பாதி வேலை, கணக்கு திறந்த காலத்தில் அந்தப் பெயர்கள் என்னவாக இருந்தன என்று கண்டுபிடிப்பதுதான்.

வங்கியின் பெயரிலிருந்தே தொடங்கலாம். 1925-இல் தொடங்கிய சேலம் வங்கி என்ற தனியார் வங்கி, அறுபதுகளில் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. அவ்வளவு பழைய பாஸ்புக் எந்த வீட்டிலும் இருப்பது அபூர்வம்தான். ஆனால் அடுத்தடுத்து நடந்த இணைப்புகள் எல்லா வீட்டையும் தொட்டிருக்கின்றன. பேங்க் ஆஃப் தமிழ்நாடு 1990-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியிலும், பேங்க் ஆஃப் தஞ்சாவூர் அதே ஆண்டு இந்தியன் வங்கியிலும் கலந்தன. பேங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐசிஐசிஐ ஆனது. வைஸ்யா வங்கி ஐஎன்ஜி வைஸ்யாவாகி, 2015-இல் கோட்டக் மகிந்திராவுக்குள் போனது. கரூர் வைஸ்யா வங்கி வேறு, அது இன்றும் தனியாகத்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான வங்கியில் போய்ச் சண்டை போடுகிறவர்களும் உண்டு. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், மைசூர், ஹைதராபாத் எல்லாம் 2017 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கிக்குள் ஐக்கியமாயின. விஜயா வங்கியும் தேனா வங்கியும் 2019-இல் பேங்க் ஆஃப் பரோடா. 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனரா ஆனது, ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் ஆயின, அலகாபாத் வங்கி இந்தியன் வங்கி ஆனது. பிக்மி சேமிப்பைத் தொடங்கிவைத்ததே சிண்டிகேட் வங்கிதான். ஆகவே பழைய பிக்மி அட்டையில் அந்தப் பெயர் இருந்தால் இன்று போகவேண்டிய இடம் கனரா.

காவிரிக் கரையோர ஊர்களுக்கு முக்கியமானது லட்சுமி விலாஸ் வங்கி. 1926-இல் கரூரில் பிறந்த வங்கி அது. ஆற்றுக்கு இக்கரையில் இருந்தவர்களுக்கும் அது சொந்த வங்கி மாதிரி. 2020 நவம்பர் 27 முதல் அது டிபிஎஸ் பேங்க் இந்தியா. சிங்கப்பூர் வங்கியின் பலகையைப் பார்த்து ‘இது நம்ம பேங்க் இல்லையே’ என்று திரும்பிவிட வேண்டாம். பழைய லட்சுமி விலாஸ் கணக்குகளுக்கு அதுதான் பொறுப்பு. அதேபோல, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பல்லவன் கிராம வங்கி, 2019 ஏப்ரல் 1 அன்று பாண்டியன் கிராம வங்கியோடு இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. தலைமையகம் சேலத்திலேயே இருக்கிறது. அந்தப் பல்லவனும் 2006-இல் அதியமான், வள்ளலார் என்ற இரண்டு கிராம வங்கிகள் சேர்ந்து உண்டானதுதான். தர்மபுரிப் பக்கம் பெண் கொடுத்து, எடுத்த குடும்பங்களில் அதியமான் கிராம வங்கி பாஸ்புக் கிடைத்தால் அதையும் சேலத்து வங்கியிடமே கேட்க வேண்டும்.

அடுத்தது மாவட்டம். நாமக்கல் 1997 ஜனவரி 1 முதல்தான் தனி மாவட்டம். அதற்கு முன் திறந்த ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர்க் கணக்குகள் எல்லாவற்றிலும் முகவரி ‘சேலம் மாவட்டம்’ என்றே இருக்கும். தர்மபுரியும் 1965 வரை சேலத்துக்குள்தான். பழைய பெயர் எவ்வளவு நாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதற்கு மோகனூர் ஆலையே சாட்சி. அது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது, பெயரோ இன்றும் சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. கணினியில் மாவட்டத்தை வைத்துத் தேடுகிறவர் நாமக்கல் என்று போட்டு ஒன்றும் வராவிட்டால், சேலம் என்று போட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கல் ஆளின் பெயர். தமிழ்ப் பெயரை வங்கி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டது, அதுவும் எழுதிய குமாஸ்தாவின் காதுக்கு எட்டியபடி. பழனியம்மாள் என்ற பெயரில் ‘ப’வுக்கு அடுத்த ‘ழ’விலேயே ஆங்கிலத்தில் குழப்பம் தொடங்கிவிடும். பழைய பதிவேடுகளில் அந்த ‘ழ’வை ஆளுக்கொரு ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார்கள், நடுவில் ‘ய’ சேர்த்தவர்களும் விட்டவர்களும் உண்டு. ராமசாமி என்பவர் ஒரு கணக்கில் ‘ராமஸ்வாமி’, இன்னொன்றில் ‘ராமசாமி’. பெரியவர்கள் பலர் கவுண்டர், செட்டியார், முதலியார், நாயக்கர் என்ற பட்டத்தோடுதான் கணக்குத் திறந்தார்கள். பேரன் பட்டத்தை விட்டுவிட்டுத் தேடுவான். தலைப்பெழுத்து முன்னால் இருந்ததா, பின்னால் போனதா, அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டுமா, ஊர்ப் பெயரின் எழுத்தும் சேர்ந்ததா என்பதும் கேள்வி. பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். ஆதார் வந்தபின் எல்லாருக்கும் ஒரே எழுத்துக்கூட்டு நிலைத்துவிட்டது. மறந்துபோன கணக்குகள் அதற்கு முந்தைய உலகத்தைச் சேர்ந்தவை. ஒரே பெயரை ஐந்தாறு விதமாக எழுதி ஒரு தாளில் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி, தேட உதவும் இணையதளம். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 17 அன்று ‘உத்கம்’ என்ற தளத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் ஏழு வங்கிகள்தான் இருந்தன. பாரத ஸ்டேட் வங்கியும் டிபிஎஸ்ஸும் அந்த ஏழில் அடக்கம். 2024 மார்ச்சில் 30 வங்கிகள் ஆயின. நிதிக்குப் போன மொத்தப் பணத்தில் சுமார் 90 விழுக்காடு இந்த முப்பதுக்குள் வந்துவிடுகிறது. கைப்பேசி எண்ணைக் கொடுத்துப் பதிந்துகொண்டு, கணக்குக்காரர் பெயரையும் வங்கியையும் கொடுக்க வேண்டும். எல்லா வங்கிகளையும் ஒரே தடவையில் தேர்ந்தெடுக்கலாம். கூடவே பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பிறந்த தேதி இவற்றில் ஏதேனும் ஒன்று வேண்டும், எதுவும் இல்லையென்றால் முகவரி. பொருந்தும் கணக்கு இருந்தால் ஒரு குறிப்பு எண்ணைத் தளம் காட்டும். கணக்கு எண்ணோ, கிளையோ, எவ்வளவு பணம் என்பதோ அதில் தெரியாது. மூன்றாவது ஆள் பார்த்துவிட்டு வேலை காட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. குறிப்பு எண்ணை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டும்.

தளத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, நிதிக்குப் போன கணக்கு மட்டும்தான் அதில் வரும். எட்டு ஆண்டாகத் தூங்கும் கணக்கு வங்கியிலேயே இருக்கிறது, தளத்தில் இருக்காது. இரண்டு, எண்பதுகளில் கணக்குத் திறந்த விவசாயியிடம் பான் எண் எங்கே இருந்தது? வங்கி அன்றைக்குப் பிறந்த தேதிகூடக் கேட்டிருக்காது. வங்கியிடம் இல்லாத விவரத்தைத் தளம் எப்படிப் பொருத்திக் காட்டும்? அப்படிப்பட்ட கணக்குக்கு முகவரியைக் கொடுத்துத் தேடுவதே பலன் தரும். பழைய முகவரி, அதுவும் பழைய எழுத்துக்கூட்டில். தளத்தில் வரவில்லை என்பதற்காகப் பணம் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். கிளை தெரிந்திருந்தால் தளத்தை நம்பி உட்காராமல் நேரே கிளைக்குப் போவது நல்லது. கிளை தெரியாது, வங்கியே சரியாகத் தெரியாது என்றால் தளம் அருமையான கருவி. ரிக் வண்டியில் இந்தூரிலோ நாக்பூரிலோ கணக்குத் திறந்தவரின் பிள்ளைகள் அங்கே போய்த் தெருத்தெருவாகத் தேட முடியாது. ஆனால் தளம் நாடு முழுவதையும் ஒரே நேரத்தில் சலித்துவிடும். இது போக, பத்தாண்டு கடந்த கணக்குக்காரர்களின் பெயர், முகவரிப் பட்டியலை ஒவ்வொரு வங்கியும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது பழைய விதி. அங்கேயும் பார்க்கலாம்.

கிளைக்குப் போகும்போது வெறுங்கையோடு போனால் ‘அக்கவுண்ட் நம்பர் இல்லாம என்ன பண்றது?’ என்ற பதில்தான் கிடைக்கும். அது முழுக்க அலட்சியமில்லை. கணினிக்கு முந்தைய கணக்கு எண்கள் கோர் பேங்கிங் வந்தபோது மாறிவிட்டன. கையால் எழுதிய லெட்ஜரிலிருந்து தேடி எடுக்க ஒரு நூல் முனையாவது வேண்டும். கிழிந்த பாஸ்புக், காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டை, ரசீதின் நகல், ஆலையோ சங்கமோ கொடுத்த பட்டுவாடாச் சீட்டு, பழைய வருமான வரிக் கணக்கு, வங்கியிலிருந்து வந்த தபால் உறை என்று எதுவும் உதவும். எந்த ஆண்டு வாக்கில், எந்த ஊர்க் கிளையில் என்று சொல்ல முடிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எழுத்து மூலமான விண்ணப்பமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகக் கேட்டதற்கு எந்தத் தடயமும் இருக்காது.

கணக்குக்காரர் உயிரோடு இருந்தால் வேலை சுலபம். ஆதார், பான், புகைப்படம், ஒரு விண்ணப்பம் போதும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2024 ஏப்ரல் முதல், கணக்கை உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. முழு விவரங்களோடு விண்ணப்பித்த மூன்று வேலை நாட்களில் உயிர்ப்பிக்க வேண்டும். கணக்குத் திறந்த கிளைதான் என்றில்லை, அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் கொடுக்கலாம். ஆத்தூரில் கணக்கு இருந்தவர் திருப்பூரில் குடியிருந்தால் திருப்பூர்க் கிளையிலேயே முடித்துக்கொள்ளலாம். கையெழுத்து மாறிப்போயிருந்தாலோ, அன்று கைநாட்டு வைத்தவர் பிறகு கையெழுத்துப் போடப் பழகியிருந்தாலோ, அடையாளச் சான்றுகளோடு நேரில் போய் புதிய மாதிரிக் கையெழுத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

கணக்குக்காரர் இல்லையென்றால்தான் நடை கூடுகிறது. அப்பாரு போட்ட டெபாசிட், அப்பா பெயரில் இருந்த கணக்கு என்று இந்தப் பக்கம் பேச்சில் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். முதல் கேள்வி நாமினி உண்டா என்பது. வங்கிக் கணக்குகளுக்கு நாமினி போடும் விதிகள் 1985-இல்தான் வந்தன. அதற்கு முன் திறந்து, பிறகு கவனிக்காமல் விட்ட கணக்கில் நாமினி இருக்க வழியே இல்லை. இருவர் பெயரில், ‘எவரேனும் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்று திறந்திருந்தால் இருப்பவர் இறப்புச் சான்றோடு போய் வாங்கிவிடலாம். நாமினி இருந்தால் இறப்புச் சான்றும் நாமினியின் அடையாளமும் போதும். ஆனால் நாமினி அந்தப் பணத்துக்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வாரிசுகள் சார்பாக வாங்கி வைத்திருப்பவர்தான் என்று 2010-இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாமினி என்று பெயர் இருப்பதால் மூத்த மகனே முழுதும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை. பங்காளிச் சண்டைகளில் கணிசமானவை இந்த ஒரு தவறான புரிதலில் முளைத்தவை.

நாமினியும் இல்லாவிட்டால் வாரிசுச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு தாசில்தார் தருவார். முன்பெல்லாம் வங்கிக்கு வங்கி வேறு வேறு வரம்பு வைத்துக்கொண்டு, சின்னத் தொகைக்கும் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கிவரச் சொன்னதுண்டு. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள் இதற்கு ஒரு முடிவு கட்டுகின்றன. வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரை, உயிலோ வாரிசுகளுக்குள் தகராறோ இல்லாதபோது நீதிமன்றத்துக்குப் போகாமல் எளிய முறையில் தீர்க்க வேண்டும். பணம் கேட்காத மற்ற வாரிசுகளிடமிருந்து ஆட்சேபமில்லை என்ற கடிதமும், ஈட்டுறுதிப் பத்திரமும் வங்கி கேட்கும். ஆவணங்கள் எல்லாம் கொடுத்த 15 நாட்களுக்குள் முடிக்காவிட்டால், தாமதத்துக்கு வங்கியே வட்டி சேர்த்துத் தர வேண்டும். இந்த விதிகளை நடைமுறைப்படுத்த வங்கிகளுக்கு விதிக்கப்பட்ட கெடு 2026 மார்ச் 31.

கிடைக்கும் தொகை எவ்வளவு இருக்கும்? நிதிக்குப் போன பணத்துக்கு வட்டி உண்டு, ஆனால் தனிவட்டிதான். 2018 ஜூன் 30 வரை 4 விழுக்காடு, பிறகு 3.5, 2021 மே 11 முதல் 3 விழுக்காடு. 2014 ஜூலையில் 10,000 ரூபாய் நிதிக்குப் போயிருந்தால், 2025 மே மாதத்தில் அது ஏறத்தாழ 13,800 ஆகியிருக்கும். விலைவாசியை நினைத்தால் இது நஷ்டம்தான். நடப்புக் கணக்குப் பணத்துக்கு அதுவும் இல்லை, போட்டது மட்டும் வரும். சில பழைய சேமிப்புக் கணக்குகளில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. செயல்படாத கணக்காக இருந்தாலும் சேமிப்புக் கணக்குக்கு வட்டி போட்டே தீரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது 2008-இல். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று செயல்படாத கணக்கில் அபராதம் பிடிக்கக் கூடாது என்றது 2014-இல். அதற்கு முன் கழிந்த ஆண்டுகளில் சிறு கணக்குகள் கட்டணத்திலேயே கரைந்துபோயிருக்கலாம். சந்தேகம் இருந்தால் நிதிக்கு மாற்றிய தேதியையும் அன்றைய இருப்பையும் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கலாம்.

வங்கிகளுக்கும் இப்போது கொஞ்சம் அக்கறை வந்திருக்கிறது. 2023 ஜூன் முதல் நூறு நாட்களில், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு வங்கியின் முதல் நூறு பெரிய கணக்குகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கச் சொன்னது ரிசர்வ் வங்கி. 2025 அக்டோபர் 4 அன்று காந்திநகரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ‘உங்கள் பணம், உங்கள் உரிமை’ என்ற மூன்று மாத இயக்கத்தைத் தொடங்கினார். வங்கி, காப்பீடு, பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சேர்த்து கேட்பாரற்றுக் கிடப்பது 1.84 லட்சம் கோடி ரூபாய் என்று அன்று சொன்னார். பழைய கணக்குகளைத் தீர்த்துவைக்கும் வங்கிகளுக்கு ஊக்கத்தொகை தரும் ஓராண்டுத் திட்டமும் 2025 அக்டோபர் 1 முதல் 2026 செப்டம்பர் 30 வரைக்கு என்று அறிவிக்கப்பட்டது. மாவட்ட அளவில் இவற்றை ஒருங்கிணைப்பவர் முன்னோடி வங்கி மேலாளர். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. எந்த வங்கி எந்த வங்கியானது, மூடிய கிளையின் கணக்குகள் எங்கே போயின என்பது போன்ற கேள்விகளுக்கு அந்த அலுவலகம் சரியான இடம்.

உத்கம் தளத்துக்கு வெளியே கிடப்பவையும் இந்தப் பகுதியில் ஏராளம். நகரக் கூட்டுறவு வங்கிகளின் பழைய வைப்புகளும் பத்தாண்டு கழித்து அதே ரிசர்வ் வங்கி நிதிக்குத்தான் போகும். ஆனால் தேட நேரே அந்தந்த வங்கிக்குப் போக வேண்டும். கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணம் வேறு வகை. அந்தச் சங்கங்களுக்கு வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தாது, பணம் சங்கத்தின் புத்தகத்திலேயே இருக்கும். செயலாளரிடம் பதில் வராவிட்டால் கூட்டுறவுச் சங்கங்களின் துணைப் பதிவாளர், இணைப் பதிவாளர் என்று மேலே போகலாம். ஃபைனான்ஸ் கம்பெனிகளில் போட்டது இன்னொரு உலகம். லாரித் தொழிலோடு வளர்ந்த தனியார் ஃபைனான்ஸ்களும் சீட்டுக் கம்பெனிகளும் இங்கே எத்தனை எத்தனை! அவற்றின் ரசீதை எடுத்துக்கொண்டு உத்கம் தளத்தில் உட்காருவது நேர விரயம். நிறுவனம் ஏமாற்றி மூடியிருந்தால் அது பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கும், 1997-இல் வந்த தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கும் உட்பட்ட விஷயம்.

எங்கே பணம் இருக்கிறதோ அங்கே தரகர்களும் வருவார்கள். ‘உங்க தாத்தா பேர்ல ரிசர்வ் பேங்க்ல இருபது லட்சம் இருக்கு, அஞ்சாயிரம் கட்டுங்க’ என்று வரும் போன் நூற்றுக்கு நூறு மோசடி. உத்கம் தளத்தில் தேடவோ, வங்கியில் விண்ணப்பிக்கவோ ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இல்லை. தளத்தில் யாருடைய பணம் எவ்வளவு என்று வெளியில் தெரியவே தெரியாது என்பதால், தொகையைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் பொய் சொல்கிறார் என்று அங்கேயே புரிந்துகொள்ளலாம். வங்கி இழுத்தடித்தால் முப்பது நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். அதற்கும் கட்டணமில்லை. உதவிக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

கடைசியாக அஞ்சலகம். சிறுசேமிப்பு முகவரான அக்கா வீட்டுக்கு வந்து வாங்கிப்போன ஆர்.டி., கிசான் விகாஸ் பத்திரம், தேசிய சேமிப்புப் பத்திரம் எல்லாம் இங்கே வரும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வரவு செலவு இல்லாவிட்டால் அது மௌனக் கணக்கு. முதிர்ந்து மூன்று ஆண்டாகியும் மூடாத சிறுசேமிப்புக் கணக்குகளை ஆண்டுக்கு இருமுறை முடக்கிவைக்கும் நடைமுறை 2025 ஜூலையில் வந்திருக்கிறது. அடையாளச் சான்றும் பாஸ்புக்கும் கொடுத்தால் முடக்கம் நீங்கும். கணக்குக்காரர் இறந்து, நாமினியும் இல்லாவிட்டால், 5 லட்சம் வரை ஆறு மாதத்துக்குப் பிறகு வாரிசுகள் உறுதிமொழிப் பத்திரங்கள் கொடுத்து வாங்கலாம். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் போட்டிருந்தாலும் பதிவேடு மேலே உள்ள அஞ்சலகத்தில்தான் இருக்கும்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கேட்பாரற்ற அஞ்சலகப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போவதில்லை. செயல்படாத நிலைக்குப் போய் ஏழு ஆண்டுகள் கழித்து அது மத்திய அரசின் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகிறது. அங்கிருந்து 25 ஆண்டுகள் வரைதான் கேட்க முடியும், அதன்பின் பணம் அரசுக்கு. வங்கிப் பணத்துக்கு அப்படியொரு கெடு இல்லை. ஆகவே பீரோவில் வங்கிப் பாஸ்புக்கும் அஞ்சலகப் பாஸ்புக்கும் சேர்ந்து கிடைத்தால், முதலில் அஞ்சலகத்துக்குப் போங்கள்.